கேள்வி - பதில்: இந்த வாரம் முழுக்க வேலன்

போன வாரம் ஒரு வாசகர், "அமெரிக்கக் கன்ட்ரி பாடகர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?" என்று கேட்டிருந்தார். கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த பாட்டு வகை. "வேலன் ஜென்னிங்ஸ். டெக்சாஸ்காரர், அவுட்லா பாட்டுக்குத் தலைமகன், 2002-ல் காலமானார், ரசிகர்கள் இன்னும் விட்டபாடில்லை" என்று மூன்று வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அந்த மூன்று வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் சமையல், சினிமா, அரசியல் கேள்விகள் எல்லாம் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. கோபிக்காதீர்கள்.

கே: அவுட்லா என்றால் சட்டத்துக்கு அடங்காதவன், தலைமறைவானவன் என்றுதானே பொருள்? இவர் செய்த குற்றம் என்ன? (கல்லூரி மாணவர், கோவை)

ப: தன்னுடைய வாத்தியக்காரர்களை ஸ்டுடியோவுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார். குற்றம் அவ்வளவுதான்.

கன்ட்ரி பாட்டுக்குத் தலைநகரான நாஷ்வில் நகரத்தில் அப்போது இருந்த முறையைச் சொன்னால்தான் இது புரியும். 1960-களில் அங்கே ஒரு பாட்டு எப்படிப் பதிவாகும் என்றால், எந்தப் பாட்டு என்பதைக் கம்பெனியின் தயாரிப்பாளர் முடிவு செய்வார். வாசிப்பதற்கு ஊரில் இருக்கும் கைதேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்கள் ஒரு சிறு கூட்டம் வருவார்கள், காலையில் ஒருவர் பாட்டுக்கு வாசித்த அதே ஆட்கள் மாலையில் இன்னொருவருக்கு வாசிப்பார்கள். மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டு முடிந்துவிடும். பாடகர் பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்புறம் அவர் இல்லாத நேரத்தில் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் மேலே பூசுவார்கள். அந்தக் கலைஞர்கள் மகா திறமைசாலிகள், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், குடிகாரர்கள் கூச்சல் போடும் கூடங்களில் தன் குழுவோடு சேர்ந்து வேலன் ஒரு சத்தத்தை உருவாக்கி வைத்திருந்தார். அந்தச் சத்தம் இசைத்தட்டில் வரவே இல்லை. கச்சேரியில் கேட்டவன் தட்டை வாங்கிப் போட்டால் வேறு ஆள் பாடுகிற மாதிரி இருக்கும்.

1965-ல் ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். ஏழு வருஷம் இப்படியே ஓடியது, பெயர் வந்தது, கடனும் வந்தது. 1972-ல் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். பாட்டையே விட்டுவிடலாம் என்ற நிலைக்குப் போனவரிடம், அவருடைய டிரம்ஸ்காரர் ரிச்சி ஆல்பிரைட்தான், வேறு வழி இருக்கிறது என்று பேசிப் பேசி மனதை மாற்றினார். நியூயார்க்கிலிருந்து நீல் ரெஷன் என்ற மேனேஜர் வந்தார், கம்பெனியோடு மல்லுக்கட்டினார், புது ஒப்பந்தம் வந்தது. பணம் கூடியது ஒரு பக்கம். எந்தப் பாட்டு, யார் வாசிப்பது, எப்படி வாசிப்பது என்பதை இனி வேலனே முடிவு செய்வார் என்று ஆனதுதான் பெரிய விஷயம். நாஷ்வில்லில் ஒரு கன்ட்ரி பாடகருக்கு அப்போது அது எளிதில் கிடைக்காத ஒன்று.

கிடைத்த சுதந்திரத்தை வைத்து என்ன செய்தார் பாருங்கள். பில்லி ஜோ ஷேவர் என்று ஒரு பாட்டெழுதுபவர், மரம் அறுக்கும் மில்லில் வலது கையின் விரல்களைப் பறிகொடுத்தவர். "உன் பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பமே போடுகிறேன்" என்று 1972-ல் ஏதோ ஓர் உற்சாகத்தில் வேலன் அவரிடம் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவர் மறக்கவில்லை. மாதக்கணக்கில் துரத்தியும் பிடிகொடுக்காததால், ஒரு நாள் பதிவு நடக்கும் ஸ்டுடியோவுக்கே ஷேவர் போய் நின்றார். நூறு டாலர் கொடுத்து அனுப்பிவிடப் பார்த்தார் வேலன். "பணம் வேண்டாம், பாட்டைக் கேள், இல்லையென்றால் எல்லார் முன்னாலும் இங்கேயே அடிதடிதான்" என்று ஷேவர் முறைத்தார். சரி, ஒரு பாட்டுப் பாடு, பிடித்தால் அடுத்தது, பிடிக்காவிட்டால் கிளம்பு என்று ஒப்பந்தம். ஷேவர் பாடினார், பாடினார், கிளம்பவே இல்லை. 1973-ல் வந்த 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' ஆல்பத்தில் பத்துப் பாட்டு, ஒன்றைத் தவிர மீதி எல்லாம் ஷேவர் எழுதியவை அல்லது சேர்ந்து எழுதியவை. பேர் தெரியாத ஒருவன் மேல் ஆல்பத்தையே வைக்க நாஷ்வில்லில் வேறு யார் துணிந்திருப்பார்கள்?

அவுட்லா என்ற பெயரை அவர்களே சூட்டிக்கொள்ளவில்லை. டாம்பால் கிளேசர் என்ற பாடகரின் ஸ்டுடியோவில் விளம்பர வேலை பார்த்த ஹேசல் ஸ்மித் என்ற பெண்மணியிடம், இந்த மாதிரிப் பாட்டை என்னவென்று சொல்வது என்று ஒரு வானொலிக்காரர் கேட்க, அவர் அகராதியைப் புரட்டி இந்தச் சொல்லை எடுத்தார். 1976-ல் கம்பெனியே அதைப் பிடித்துக்கொண்டு, தேடப்படும் குற்றவாளி போஸ்டர் மாதிரி அட்டை போட்டு, வேலன், வில்லி நெல்சன், ஜெஸ்ஸி கோல்ட்டர், டாம்பால் கிளேசர் நால்வரின் பாட்டுகளையும் ஒன்றாகத் தொகுத்து விற்றது. பாதிக்கு மேல் ஏற்கெனவே வந்த பழைய பாட்டுகள்தான். ஆனால் பத்து லட்சம் பிரதி விற்றதற்காகப் பிளாட்டினம் சான்று வாங்கிய முதல் கன்ட்ரி ஆல்பம் அதுதான்.

கே: வேலன் என்று எழுதுகிறீர்களே, நம் முருகன் பெயர் மாதிரி இருக்கிறது. உச்சரிப்பே அப்படித்தானா? (இல்லத்தரசி, திருச்செந்தூர்)

ப: திருச்செந்தூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம் அம்மா. ஆமாம், உச்சரிப்பு ஏறக்குறைய அப்படித்தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1937 ஜூன் 15, மேற்கு டெக்சாஸில் லிட்டில்ஃபீல்ட் என்ற பருத்திக்காட்டு ஊரில் பிறந்தபோது வைத்த பெயர் 'வேலண்ட்'. பக்கத்தில் பிளெயின்வியூ என்ற ஊரில் பாப்டிஸ்ட் சபையின் கல்லூரி ஒன்றுக்கு அதே பெயர். ஒரு பாப்டிஸ்ட் போதகர் வந்து, எங்கள் கல்லூரிப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டீர்களே என்று அம்மாவைப் பாராட்டப் போக, வேறு சபையைச் சேர்ந்த அந்த அம்மா உடனே எழுத்தை மாற்றி 'வேலன்' ஆக்கிவிட்டார். பட்டிக்காட்டுப் பெயராக இருக்கிறதே என்று இவருக்கு அது ஆரம்பத்தில் பிடிக்கவில்லையாம்.

கே: நான் டல்லாஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகப் பராமரிப்பு ஆள் ஒருவர் கையில் இறக்கை முளைத்த 'டபிள்யூ' எழுத்தைப் பச்சை குத்தியிருக்கிறார். கேட்டால் வேலன் சின்னம் என்கிறார். மனிதர் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் ஏன் இவ்வளவு பாசம்? (ஐ.டி. ஊழியர், டல்லாஸ்)

ப: உங்கள் கேள்விதான் எனக்கு இந்த வாரம் எழுத உட்காரவே காரணம். நேரடியாகப் பதில் சொல்வதை விட, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2004-ம் வருஷம், டெக்சாஸில் லபக் என்ற ஊர்ப் பக்கத்தில் நான் ஓட்டிப்போன வாடகைக் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பருத்தி, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்து இழுவை வண்டி வந்தது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்த காரியம், நின்றுபோயிருந்த கேசட்டை மறுபடி தள்ளிவிட்டதுதான். கேசட்டின் மேல் ஒட்டிய காகிதம் பழுத்துப்போய், டேப் போட்டு ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில் 'டபிள்யூ' என்று ஒற்றை எழுத்து.

முதலில் கேட்டது டிரம்ஸ். கால் மிதியால் அடிக்கும் அந்தப் பெரிய டிரம் இருக்கிறதே, அதுதான் முன்னால் நிற்கிறது, தம் தம் தம் தம் என்று ஒரே நடை, ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை. இரண்டே ஸ்வரக்கட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற கிடார், அதன் சத்தம் மட்டும் தண்ணீருக்குள் சுழல்கிற மாதிரி ஓர் அலை. அதற்கு மேல் அந்தக் குரல். அடித்தொண்டையிலிருந்து வரும் கனமான குரல், ஆனால் கத்தவில்லை, யாரையும் உருக வைக்கப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரி பாடுகிறார். பழைய கன்ட்ரி மேதை ஹேங்க் வில்லியம்ஸ் காலத்திலிருந்து எல்லாரும் இப்படியேதான் செய்துகொண்டிருக்கிறோமா என்று 1975-ல் நாஷ்வில்லைப் பார்த்துக் கேட்ட பாட்டு அது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அடுத்த பக்கத்தில் ஒரு மெதுவான பாட்டு. நடுவில் ஒரு வரி பாதியில் துள்ளி, அடுத்த வரிக்குத் தாவியது. கேசட் பழுதோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே, "அது என் மகள்" என்றார். இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, நான்கு வயது மகள் மரத்தரையில் தடதடவென்று ஓடிவந்திருக்கிறாள், முள் எகிறிவிட்டது. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கின்றனவாம். திரும்பப் பதிவு செய்யவில்லையா என்று கேட்டதற்கு, எதற்கு என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். வேலனை ஐந்து முறை நேரில் பார்த்திருக்கிறார். 2002 பிப்ரவரியில் செய்தி வந்த அன்று வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு இப்போது அந்தப் பாட்டைக் கைப்பேசியில் எந்தக் குறையும் இல்லாமல் கேட்டால், முள் எகிற வேண்டிய இடத்தில் எகிறாமல் போகும்போது, எதையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

உங்கள் அலுவலக ஆளின் பாசமும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். பருத்தி பொறுக்கி, பதினாறு வயதில் பள்ளியை விட்டு, வானொலி நிலையத்தில் தட்டுப் போட்டு, ஃபீனிக்ஸ் பக்கம் மதுக்கூடத்தில் பாடி மேலே வந்தவர் வேலன். கம்பெனிக்காரன் ஒன்றைச் செய் என்கிறான், நமக்கு வேறொன்று சரியென்று படுகிறது, கடன் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு போகிறோம். உழைத்துச் சாப்பிடுகிற எல்லாருக்கும் இது தெரிந்த விஷயம். அந்த இடத்தில் ஒருவர் மாட்டேன் என்று நின்றார், நின்று ஜெயித்தார், ஜெயித்ததை நீங்கள் காதால் கேட்கலாம். 1973-க்கு முந்தைய தட்டு ஒன்றையும் பிந்தைய தட்டு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் ஒரு முறை கூட மாட்டேன் என்று சொல்ல முடியாதவன்தான் அந்த டிரம் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறான். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

இன்னொன்று. அவர் மகன் ஷூட்டர் ஜென்னிங்ஸ், அப்பா விட்டுப்போன ஸ்டுடியோ நாடாக்களைப் பிரித்துப் பார்த்து, வெளிவராத பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து 2025 அக்டோபரில் 'சாங்பேர்ட்' என்று ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். பழைய குழுவில் உயிரோடு இருப்பவர்கள் சிலர் வந்து விட்ட இடத்தை வாசித்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலக ஆளிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், அன்றைக்கு மதியச் சாப்பாடு அவர் செலவாகத்தான் இருக்கும்.

கே: ஒரு விமான விபத்தில் இவர் மயிரிழையில் தப்பியதாகப் படித்தேன். உண்மையா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை)

ப: உண்மை. ஆனால் தப்பியவர் என்று அவரைச் சொன்னால் அவருக்கே பிடித்திருக்காது.

லபக்கில் வானொலியில் வேலை பார்த்தபோது பட்டி ஹாலியோடு பழக்கம். ஹாலி அப்போதே பெரிய ராக் அண்ட் ரோல் நட்சத்திரம், வேலனை விட ஒரு வயதுகூட மூத்தவர் இல்லை, ஆனாலும் இவரைத் தம்பி மாதிரி கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். முதல் இசைத்தட்டை அவரே தயாரித்தார். அப்புறம் பேஸ் கிடார் ஒன்றைக் கையில் கொடுத்து, இரண்டு வாரத்தில் கற்றுக்கொள், என் குழுவில் வாசிக்க வேண்டும் என்று சொல்லி, 1959 ஜனவரியில் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போனார். அமெரிக்காவின் நடு வடக்கு மாநிலங்கள், உயிரை உறைய வைக்கும் குளிர், பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரம்ஸ்காரருக்குப் பாதம் உறைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

பொறுக்க முடியாமல் ஹாலி, அயோவா மாநிலம் கிளியர் லேக்கிலிருந்து ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். அதில் வேலனுக்கும் இடம். அதே பயணத்தில் வந்த பாடகர் ஜே.பி. ரிச்சர்ட்சன் காய்ச்சலில் இருந்தார், அவர் கேட்டதும் தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். அது தெரிந்த ஹாலி சிரித்துக்கொண்டே, உன் பஸ் உறைந்து போகட்டும் என்கிற மாதிரி ஒன்று சொன்னார். இவரும் விளையாட்டாக, உன் விமானம் விழட்டும் என்றார். நம் வீடுகளில் பெரியவர்கள், விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே, வாயைக் கழுவு என்பார்கள். பிப்ரவரி 3 அதிகாலையில் விமானம் விழுந்தது. ஹாலி, ரிச்சர்ட்சன், இன்னொரு பாடகரான பதினேழு வயது ரிச்சி வேலன்ஸ், ஓட்டிப்போன பைலட், நான்கு பேரும் போய்விட்டார்கள்.

வேலனுக்கு வயது 21. அன்று இரவே அடுத்த ஊரில் மேடையேற வைத்தார்கள், ஹாலி பாட வேண்டியதை இவர் பாடினார். பயணத்தை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்ப முடிந்தது, அதற்குள் ஹாலியின் அடக்கம் முடிந்திருந்தது. என் சொல்தான் அவனைக் கொன்றது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் மனம் திறந்து சொல்லியிருக்கிறார்.

அதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. 1979-ல் வேலனின் 42-வது பிறந்தநாளுக்கு, ஹாலியின் பழைய குழுவினர் அவரது 1958 ஏரியல் மோட்டார் சைக்கிளைத் தேடிப் பிடித்து வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் வேலனின் ஓட்டல் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணனுடைய வண்டி. வேலன் அதைக் கடைசி வரை தன்னோடு வைத்திருந்தார். இப்போது லபக்கில் பட்டி ஹாலி மையத்தில் நிற்கிறது.

கே: மன்னிக்கவும். கொகெய்ன் வழக்கில் சிக்கியவரை இப்படித் தூக்கி வைத்துப் பேசலாமா? என் பையன் உங்கள் பத்தியைப் படிக்கிறான். (பள்ளி ஆசிரியை, திருச்சி)

ப: கேட்க வேண்டிய கேள்வி. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை, அவரும் மறைக்கவில்லை.

1977-ல் அவர் ஸ்டுடியோவில் இருக்கும்போதே போதைத் தடுப்புப் போலீசார் வந்தார்கள், வழக்கு எடுபடவில்லை. ஆனால் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு நாளைக்கு 1,500 டாலர் அளவுக்கு அதற்கே போனது என்று அவரே சுயசரிதையில் கணக்குச் சொல்கிறார். உடம்பு போனது, பணம் போனது. அந்த வருஷங்களில் வந்த சில ஆல்பங்களில் அது கேட்கவும் செய்கிறது, ரசிகன் என்பதற்காக அதை இல்லை என்று சொல்லமாட்டேன். 1984-ல் மனைவி ஜெஸ்ஸி கோல்ட்டரோடும் சின்னப் பையன் ஷூட்டரோடும் அரிசோனாவில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார். திரும்பப் போகவில்லை. ஜெஸ்ஸி தானும் பெயர்பெற்ற பாடகி, அத்தனை வருஷமும் கூட நின்றவர் அந்த அம்மாள்தான்.

உங்கள் பையனுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்காத அப்பாவைப் பார்த்து மகனும் படிப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, கச்சேரிக்குப் போகும் பஸ்ஸிலேயே வீடியோ கேசட்டில் பாடம் பார்த்துப் படித்து, பள்ளியிறுதிக்கு நிகரான தேர்வை 1989-ல் எழுதிப் பாஸ் செய்தார். அப்போது வயது 52, அதற்கு முந்தைய வருஷம்தான் இதயத்தில் பைபாஸ் ஆகியிருந்தது. நாடே அறிந்த பாடகர், மேடைக்கும் மேடைக்கும் நடுவில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னக்கணக்குப் போடுவதை நினைத்துப் பாருங்கள். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கே: வில்லி நெல்சனா, வேலனா? (வாசகர், ஈரோடு)

ப: இரண்டு பேரும் சேர்ந்து பாடிய தட்டுகளை வாங்குங்கள், சண்டை முடிந்தது. என் மனதைக் கேட்டால் வேலன். வில்லி காற்று மாதிரி, தாளத்துக்கு முன்னும் பின்னும் போய்வருவார். வேலன் நட்டுவைத்த கல்.

கே: ஹசார்ட் பற்றிய அந்தப் பழைய டிவி தொடரில் கதை சொல்லும் குரல் இவருடையதா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: ஆமாம், 1979-ல் தொடங்கிய 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்'. முகப்புப் பாட்டும் அவரே எழுதிப் பாடியது, 1980-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. முகப்பில் முகம் தெரியாது, கிடார் வாசிக்கும் கைகள் மட்டும் வரும். அந்தக் கிடாரைக் கவனித்திருக்கிறீர்களா? டெலிகாஸ்டர் உடம்பு முழுக்கக் கறுப்புத் தோல், அதில் வெள்ளைப் பூ வேலைப்பாடு, குதிரைச் சேணத்தில் செய்கிற மாதிரி. குழுவினர் வாங்கிக் கொடுத்த பரிசு அது.

கே: கடைசிக் காலம் எப்படிப் போயிற்று? கச்சேரி செய்துகொண்டுதான் இருந்தாரா? (வாசகி, பாண்டிச்சேரி)

ப: சர்க்கரை வியாதி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. 2000 ஜனவரியில் நாஷ்வில்லின் ரைமன் அரங்கத்தில் ஒரு கச்சேரி, ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடினார். முன்பெல்லாம் கால் அகட்டி நின்று, தொப்பிக்குக் கீழே ஒரு முறைப்போடு பாடுகிற மனிதர். அந்தப் பதிவு ஆல்பமாக வந்திருக்கிறது. குரலில் பழைய கனம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் கூட்டம் ஒவ்வொரு பாட்டையும் முதல் ஸ்வரத்திலேயே அடையாளம் கண்டு எழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்க நான் அந்த ஆல்பத்தை வைத்திருக்கிறேன்.

2001-ல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். விழாவுக்கு அவர் போகவில்லை, மகனை அனுப்பினார். அந்த டிசம்பரில் இடது பாதத்தை எடுக்க வேண்டி வந்தது. 2002 பிப்ரவரி 13, அரிசோனாவில் சாண்ட்லர் ஊரில் தன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். 64 வயது. மேசா நகரத்து இடுகாட்டில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

கே: ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகர், மதுரை)

ப: 1975-ல் வந்த 'ட்ரீமிங் மை ட்ரீம்ஸ்'. முதல் பாட்டிலேயே நான் மேலே சொன்ன டிரம்ஸ் வரும். அது பிடித்தால் 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்'. அப்புறம் 1974-ல் டெக்சாஸ் மேடைகளில் பதிவு செய்து 1976-ல் வந்த 'வேலன் லைவ்', அதில் ரால்ஃப் மூனியின் ஸ்டீல் கிடார் இவர் குரலுக்குப் பக்கத்திலேயே அழுதுகொண்டு வரும். தொகுப்பு ஆல்பத்தில் தொடங்க வேண்டாம், பாட்டுகளின் வரிசை போய்விடும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரிலும் வேண்டாம், அந்தப் பெரிய டிரம் அதில் கேட்கவே கேட்காது. நல்ல ஹெட்போன் இல்லையென்றால் நண்பர் யாராவது கார் வைத்திருப்பார், இரவில் பைபாஸ் ரோட்டில் ஒரு நடை கூட்டிப்போகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், அடுத்த வாரம் போடுகிறேன்.